வேதத்தில் சேராத பழைய நூல்கள்: எதைப் படிக்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

வேதத்தில் சேராத பழைய நூல்களைக் கிறிஸ்தவர்கள் படிக்கலாமா என்று கேட்டால் சிலர் உடனே "தாராளமாக" என்பார்கள், சிலர் "கூடவே கூடாது" என்பார்கள். இரண்டு பேருமே அவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறார்கள். மக்கபேயர் நூலும் தோமா நற்செய்தியும் ஒன்றா? ஆதித் திருச்சபை ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த கையேட்டையும், யாரோ ஒருவர் யூதாஸ் பெயரில் எழுதிய கதையையும் ஒரே பதிலால் முடித்துவிட முடியுமா? முடியாது. அதனால்தான் இதை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க நினைத்தேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற டவுனில் இந்தக் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது. தோட்டங்களிலிருந்து தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்த குடும்பங்கள் நாங்கள். ஒரே வீட்டில் பாட்டி கத்தோலிக்கம், மகன் மெதடிஸ்ட், பேத்தி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள் என்பது இங்கே சாதாரணம். நான் மெதடிஸ்ட் வீட்டில் பிறந்தவள், வீட்டுக்காரர் வீடு கத்தோலிக்கம். ஒரே மேசையில் இரண்டு தமிழ் வேதம் இருக்கும், ஒன்று மற்றதைவிடத் தடிமனாக. பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் யூடியூப்பில் "மறைக்கப்பட்ட வேத ரகசியம்" என்று யாரோ ஒருவர் பயமுறுத்தும் இசையோடு ஏனோக்கு புத்தகத்தைப் பற்றிப் பேசிய வீடியோ வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்துவிடும்.

எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் ரோமர் நிருபம் முடியப் போகிறது. அடுத்து எதை எடுப்பது என்ற பேச்சில் நாலு விதமான எண்ணம் இருக்கிறது. பெரியவர்கள் சிலர் நம் பிராட்டஸ்டண்ட் வேதத்தின் 66 புத்தகத்தைத் தாண்டவே வேண்டாம் என்கிறார்கள். கத்தோலிக்கப் பக்கத்து உறவுகள் தங்கள் வேதத்தில் கூடுதலாக இருக்கும் நூல்களைச் சேர்ந்து படிக்கலாமே என்கிறார்கள். எனக்கு ஆதித் திருச்சபையின் நூல்கள் மேல் ஆசை. ஐந்தாம் படிவம் படிக்கும் பையன்களுக்கோ ஏனோக்கும் தோமாவும்தான் வேண்டும். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவதும் மூன்றாவதும் தாராளமாகச் செய்யலாம், நிறைய லாபம் உண்டு. ஏனோக்கு கொஞ்சம் பொறுத்து. பிற்கால நற்செய்திகள் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

"66 போதும்" என்பவர்களின் நியாயம்

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஷிஃப்ட் வேலை முடிந்து வருகிற மனிதனுக்கு வாரத்தில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். எரேமியாவை முழுதாகப் படிக்காதவர்கள், மீகா எந்தப் பக்கம் என்று தேடுபவர்கள் பலர் எங்கள் நடுவிலேயே இருக்கிறார்கள். அப்படியிருக்க வெளியே எதற்குப் போகிறாய் என்று கேட்பது நியாயமான கேள்வி. 1647-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை தள்ளுபடி ஆகமங்களை, அதாவது கத்தோலிக்க வேதத்தில் கூடுதலாக இருக்கும் இந்த நூல்களை, மற்ற மனித எழுத்துகளுக்கு மேலாக மதிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. எங்கள் ஜான் வெஸ்லியும் 1784-இல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக ஆங்கிலிக்கன் விசுவாசப் பிரமாணங்களைச் சுருக்கியபோது அந்த நூல்களைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டார். ஆகவே இந்தப் பெரியவர்கள் அறியாமையில் பேசவில்லை, அவர்களுக்குப் பின்னால் ஒரு மரபு நிற்கிறது.

ஆனால் 66 புத்தகத்தை மட்டும் கவனமாகப் படித்தாலே அது நம்மை வெளியே எட்டிப் பார்க்க வைக்கிறது, அங்கேதான் எனக்கு இந்த வாதம் நின்றுவிடுகிறது. யூதா நிருபத்தின் 14, 15 வசனங்களை எடுத்துப் பாருங்கள். ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கு சொன்ன தீர்க்கதரிசனம் என்று அங்கே வருவது ஏனோக்கு நூலின் முதல் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. மோசேயை எதிர்த்த யந்நே, யம்பிரே என்ற பெயர்கள் 2 தீமோத்தேயு 3-இல் வருகின்றன, யாத்திராகமத்தில் தேடினால் கிடைக்காது. யோவான் 10:22-இல் இயேசு எருசலேமில் இருந்தது தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகையின் நேரம், மாரிக்காலம் என்று இருக்கிறதே, அந்தப் பண்டிகை எப்படித் தொடங்கியது என்று மல்கியா வரைக்கும் புரட்டினாலும் ஒரு வரி கிடையாது. அது மக்கபேயர் முதல் நூலில் இருக்கிறது. எபிரெயர் 11:35-இல், மேன்மையான உயிர்த்தெழுதலுக்காக விடுதலையை ஏற்காமல் வாதிக்கப்பட்டவர்கள் யார் என்று கேட்டால், மக்கபேயர் இரண்டாம் நூல் 7-ஆம் அதிகாரத்தில் வரும் தாயும் ஏழு பிள்ளைகளும்தான் பெரும்பாலான விளக்கவுரைகள் காட்டும் பதில்.

இன்னொன்று. படிக்காமலேயே இந்த நூல்களோடுதான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொரு ஜூலை மாதமும் இங்கிருந்து பஸ் பிடித்து புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறோம், கத்தோலிக்கர் மட்டும் இல்லை, இந்துக் குடும்பங்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். மரியாளின் தாய் அன்னா, தகப்பன் சுவக்கின் என்ற பெயர்கள் நாலு சுவிசேஷத்திலும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலில்தான் முதலில் வருகின்றன. பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தார்கள் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம், அது பேதுருவின் நடபடிகள் என்ற நூலின் செய்தி. தோமா இந்தியாவுக்கு வந்ததை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல் தோமாவின் நடபடிகள், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாப் பக்கம் எழுதப்பட்டது. ஆக, எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்துக்கொள்வதா, தெரியாமலே நம்புவதா என்பதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பழைய சபை வைத்திருந்த மூன்று இடம்

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் உதவியது ஒரு கடிதம். 367-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு தன் சபைகளுக்கு எழுதிய 39-ஆம் பண்டிகைக் கடிதம் அது. இன்று நம் கையில் இருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே பட்டியல் போட்ட முதல் ஆவணமாக அதைச் சொல்வார்கள். எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள், அவர் அடுத்து எழுதியதை யாரும் சொல்வதில்லை. இவை தவிர வேறு நூல்கள் உண்டு, அவை திருமுறையில் (வேதமாக ஏற்ற நூல்களின் பட்டியலில்) சேர்ந்தவை அல்ல, ஆனால் புதிதாகச் சேர்ந்து பக்தியில் போதனை பெற விரும்புகிறவர்கள் படிப்பதற்காக முன்னோர் ஏற்படுத்தினார்கள் என்று சொல்லி, சாலமோனின் ஞானம், சீராக்கு, எஸ்தர், யூதித்து, தோபித்து, டிடாக்கே என்னும் அப்போஸ்தலரின் போதனை, எர்மாவின் மேய்ப்பன் என்று பெயர் சொல்கிறார். அதற்கும் அப்புறம் மூன்றாவதாக, அப்போஸ்தலரின் பெயரைத் திருடி எழுதிய மறைநூல்களை ஒதுக்கச் சொல்கிறார்.

மூன்று இடம், கவனியுங்கள். பிரசங்க மேடையில் வைத்து உபதேசம் நிலைநாட்டுகிற நூல், வீட்டிலும் வகுப்பிலும் பயனுக்காகப் படிக்கிற நூல், ஒதுக்க வேண்டிய நூல். முராத்தோரியின் பட்டியல் என்று புதிய ஏற்பாட்டு நூல்களைச் சொல்லும் ஒரு பழைய ஆவணம் இருக்கிறது, அதுவும் எர்மாவின் மேய்ப்பனைப் படிக்கலாம், ஆனால் சபையில் ஜனங்களுக்கு முன்பாகப் படிக்கக் கூடாது என்கிறது. லூத்தர் 1534-இல் தன் முழு வேதத்தை வெளியிட்டபோது தள்ளுபடி ஆகமங்களை இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்து, வேதத்துக்குச் சமமில்லை, ஆனாலும் படிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று தலைப்பிலேயே எழுதினார். தரங்கம்பாடி மிஷன் 1728-இல் தமிழ்ப் பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதியை அச்சிட்டபோது இந்த நூல்களும் கூடவே தமிழில் வந்தன. பிறகு 1820-களில் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவு எடுத்தது; அதன்பின் பிராட்டஸ்டண்ட் கைகளுக்கு இவை வருவது குறைந்துகொண்டே போனது. நம் தாத்தா பாட்டிகள் இந்த நூல்களை ஆராய்ந்து பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கவில்லை, அவர்கள் கைக்கு அவை வரவே இல்லை.

இடையில் ஒரு பொய்யையும் ஒதுக்கிவிடலாம். 325-இல் நிசேயா சங்கத்தில் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் உட்கார்ந்து புத்தகங்களை வெட்டி எறிந்தார் என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். நிசேயாவில், கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையைப் பற்றிப் பேசினார்கள், ஈஸ்டர் தேதியைப் பற்றிப் பேசினார்கள், சபை ஒழுங்குக்குச் சில விதிகள் போட்டார்கள். எந்த நூல் வேதம் என்று அங்கே தீர்மானம் எதுவும் எடுக்கவில்லை. அதற்கு 140 வருஷத்துக்கும் முன்னாலேயே ஆயர் ஐரேனியு நாலே சுவிசேஷம்தான் என்று எழுதிவிட்டார்.

கத்தோலிக்க வேதத்தின் கூடுதல் நூல்கள்

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் இவை இணைத் திருமுறை நூல்கள் என்ற பெயரில் இருக்கின்றன. கத்தோலிக்கருக்கு இவை வேதமேதான், 1546-இல் திரெந்து சங்கம் அதை உறுதியாக்கியது. நமக்கு அப்படி இல்லை. ஆனால் அத்தை கையில் இருக்கும் வேதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே "அது கூடுதல் புத்தகம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது, ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்களுக்கு அழகில்லை.

எதில் தொடங்குவது என்றால் மக்கபேயர் முதல் நூல். மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில் நாலு நூற்றாண்டு இருக்கிறது, ஒரு பக்கத்தைப் புரட்டினால் திடீரென்று பரிசேயர், சதுசேயர், ஜெப ஆலயம் எல்லாம் வந்து நிற்கின்றன. கிமு 167-இல் நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தை அசுத்தப்படுத்தியதும், மூன்று வருஷம் கழித்து யூதா மக்கபே அதை மீட்டு மறுபடி அர்ப்பணித்ததும் தெரிந்தபின் தானியேல் புத்தகத்தையே வேறு கண்ணோடு படிப்போம். பெரிய வல்லரசின் கீழே சிறுபான்மையாக இருந்துகொண்டு பழக்கவழக்கத்தையும் மொழியையும் விசுவாசத்தையும் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுப்பது, எங்கே நின்றுகொள்வது என்ற கேள்வியை அந்த நூல் முழுக்கக் கேட்கிறது, நமக்கு அது புதுக் கேள்வி இல்லை.

அப்புறம் சீராக்கின் ஞானம் 38. இதை நான் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே உண்டாக்கினார், நிலத்திலிருந்து மருந்துகளை விளையச் செய்தவரும் அவரே, அறிவுள்ளவன் அவற்றை அலட்சியம் பண்ண மாட்டான், நோய் வந்தால் ஜெபம் பண்ணு, பாவத்தை விடு, மருத்துவருக்கும் இடம் கொடு என்று அந்த அதிகாரம் போகிறது. இனிப்பு நீர் இருக்கிறவர்கள் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வந்தபின் மாத்திரையை நிறுத்திவிட்டு, அப்புறம் கால் புண்ணோடு கிளினிக்குக்கு ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜெபமும் மருந்தும் எதிரிகள் இல்லை என்று இயேசு பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு விசுவாசி எழுதி வைத்திருக்கிறார், அதைத் தெரியாமல் இருக்கிறோமே என்றுதான் எனக்கு வருத்தம்.

தோபித்து குடும்பக் கதை. கண் தெரியாத தகப்பன், தூரப் பயணம் போகும் மகன், யாரென்று தெரியாமல் கூடவே நடக்கும் தேவதூதன், கூடவே ஒரு நாயும். கத்தோலிக்கத் திருமணத்தில் அதன் 8-ஆம் அதிகாரத்து ஜெபத்தைக் கேட்டிருப்பீர்கள். சாலமோனின் ஞானம் 3-ஆம் அதிகாரத்தை அடக்கத்தில் வாசிப்பார்கள், நீதிமான்களின் ஆத்துமா கடவுளின் கையில் இருக்கிறது என்று தொடங்கும்.

குறையும் சொல்ல வேண்டும். சீராக்கு பெண்களைப் பற்றி எழுதியிருக்கும் சில வரிகள் கசப்பானவை, 25-ஆம் அதிகாரத்தையும் 42-ஆம் அதிகாரத்தையும் பெண்பிள்ளைகள் முன்னால் விளக்கம் இல்லாமல் வாசிக்க நான் விடமாட்டேன். யூதித்து நூலின் முதல் வசனமே நெபுகாத்நேச்சாரை நினிவேயில் இருந்த அசீரிய ராஜா என்கிறது, அவன் பாபிலோன் ராஜா என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தில் இறந்தவர்களுக்காகப் பலி செலுத்தும் பகுதி வரும், அங்கே கத்தோலிக்கரும் நாமும் பிரிகிற இடம் வருகிறது. அதை மறைக்காமல், சண்டை போடாமல், இரண்டு பக்கமும் என்ன நம்புகிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த நூலை எழுதியவரே கடைசியில், நன்றாக எழுதியிருந்தால் அதுவே என் விருப்பம், சுமாராக இருந்தால் என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று சொல்லி முடிக்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், ஆனால் "கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்" என்று எழுதிய தீர்க்கதரிசிகளின் குரல் அது இல்லை என்பதும் தெரிகிறது.

டிடாக்கேயும் அந்தக் காலத்துக் கடிதங்களும்

என் கைக்கு ஒரே ஒரு நூலை எடுத்துக்கொள்ளச் சொன்னால் டிடாக்கேயைத்தான் எடுப்பேன். பல நூற்றாண்டுகள் தொலைந்து கிடந்து, 1873-இல் கான்ஸ்டாண்டிநோப்பிளில் பிரியேனியு என்ற ஆயர் ஒரு பழைய கையெழுத்துச் சுவடியில் கண்டுபிடித்து 1883-இல் வெளியிட்டார். மொத்தம் 16 சின்ன அதிகாரம், ஒரே மாலையில் படித்துவிடலாம். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதென்று பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

ஜீவ வழி, மரண வழி என்று தொடங்குகிறது. ஞானஸ்நானத்தை ஓடுகிற தண்ணீரில் கொடு, இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்த தண்ணீர் முடியாவிட்டால் வெந்நீர், எதுவுமே போதாவிட்டால் தலைமேல் மூன்று தரம் ஊற்று என்று சொல்கிறது. முழுக்கா தெளிப்பா என்று இரண்டு தலைமுறையாகப் பேசாமல் இருக்கும் உறவுகள் இந்த ஒரு பத்தியைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

அதைவிட முக்கியம் 11-ஆம் அதிகாரம். ஊர் ஊராக வரும் ஊழியக்காரனை ஏற்றுக்கொள், அவன் ஒரு நாள் தங்கட்டும், அவசியமானால் இரண்டு நாள், மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரைக்கும் உணவு மட்டும் வாங்கிக்கொள்ளட்டும், பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி "எனக்குப் பணம் கொடு" என்றால் கேளாதே, ஆனால் இல்லாத மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம். ஊரிலேயே தங்கி ஊழியம் செய்கிற உண்மையான தீர்க்கதரிசிக்கு முதற்பலனைக் கொடு என்றும் அதே நூல் பின்னால் சொல்கிறது, ஆகவே ஊழியரைப் பட்டினி போடச் சொல்லும் நூல் இல்லை. மண்டபம் எடுத்து, பேனர் கட்டி, வெளியூர் ஊழியர் வந்து, கடைசி நாளில் கவர் கொடுக்கச் சொல்லும் கூட்டங்களைப் பார்த்த நம் மக்களுக்கு இதைவிட நேரடியான அளவுகோல் எங்கே கிடைக்கும்? எங்கள் ஊர் பாட்டிகள் நகைச் சீட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் சொல்ல முடியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த நூலை அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

சபைத் தலைவர் கிளமெந்து ரோமிலிருந்து கொரிந்துவுக்கு எழுதிய கடிதம் முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டது. அங்கே சிலர் சேர்ந்துகொண்டு மூப்பர்களைத் தள்ளிவிட்டார்கள், அதைச் சரிசெய்ய எழுதியது. சபை பிரிந்த ஊர்க்காரர்கள் படிக்க வேண்டியது, நீளம்தான் கொஞ்சம் அதிகம். அந்தியோக்கியாவின் ஆயர் இக்னாசியு சாவுக்காக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் எழுதிய ஏழு கடிதங்களும் இருக்கின்றன. இவற்றில் எதையும் வேதத்தோடு சேர்க்கச் சொல்லி இன்று யாரும் நம்மிடம் கேட்கவில்லை, அதனால் பயமும் இல்லை.

ஏனோக்கு

இதைத்தான் பையன்கள் கேட்கிறார்கள். படிக்கக் கூடாது என்று சொன்னால் ஒளிந்து படிப்பார்கள், அதுவும் வீடியோ மூலமாக. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபைக்கு ஏனோக்கு இன்றும் வேதம். ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கிருந்து பிரதிகளை 1773-இல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் அதன் அரமாயிக் மொழித் துண்டுகள் கிடைத்தன. ஆக, இயேசுவின் காலத்தில் யூதர்கள் படித்த நூல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளத்துக்கு முன்னால் வாழ்ந்த ஏனோக்கு எழுதியதில்லை. கிமு மூன்றாம் நூற்றாண்டு முதல் பல பேர் எழுதிய நூல்கள் சேர்ந்து 108 அதிகாரமாக நிற்கிறது.

ஆதியாகமம் 6-இன் நாலு வசனத்தை வைத்துக்கொண்டு, 200 தூதர்கள் எர்மோன் மலையில் இறங்கினார்கள், ஆயுதம் செய்வதையும் கண்ணுக்கு மை தீட்டுவதையும் மனுஷருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பெரிய கதையாக விரிக்கிறது. அந்தத் தூதர்களுக்குப் பிறந்த இராட்சதர்களின் உயரம் எத்தியோப்பியப் பிரதியில் 3000 முழம். யூதா நிருபமும் பேதுருவின் நிருபங்களும் கட்டுண்ட தூதர்களைப் பற்றிப் பேசுவதன் பின்னணி இதில் நன்றாகத் தெரிகிறது, மனுஷகுமாரன் சிங்காசனத்தில் உட்காரும் பகுதியும் சுவிசேஷம் படிப்பவனை நிமிர்ந்து உட்கார வைக்கும். பிரச்சினை நூலில் கொஞ்சம், படிக்கிறவிதத்தில் அதிகம். பவுல் ஏதென்ஸின் அரேயோபாகுவில் கிரேக்கக் கவிஞனின் வரியை மேற்கோள் காட்டியதால் அந்தக் கவிஞன் முழுக்க வேதமாகிவிடவில்லை, யூதா ஒரு வசனம் எடுத்ததால் 108 அதிகாரமும் அப்படியே ஆகிவிடாது. இதைப் புரிந்துகொள்கிற வயதிலும் நிலையிலும் படிக்கலாம். பேய், பில்லி, சூனியம் என்று ஏற்கெனவே பயந்து நடுங்குகிற வீடுகளில் இதை முதலில் கொண்டுபோகாதீர்கள், அது பயத்தைத்தான் வளர்க்கும்.

மறைக்கப்பட்டதாகச் சொல்லும் நற்செய்திகள்

அந்தியோக்கியாவின் ஆயர் செராப்பியோன் பற்றி, ஆதிச் சபையின் வரலாற்றை எழுதிய யூசேபியு எழுதி வைத்திருக்கிறார், இரண்டாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் நடந்தது. ரோசு என்ற சின்ன ஊரின் சபையில் பேதுருவின் நற்செய்தி என்று ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் சச்சரவு. செராப்பியோன் அந்த நூலைப் பார்க்காமலே, இதற்காகச் சண்டை வேண்டாம், படியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு செய்தி வேறு மாதிரி வரவே, அதை வைத்திருந்தவர்களிடமே ஒரு பிரதியை வாங்கி முழுதும் படித்தார். பெரும்பகுதி சரியான போதனையோடு ஒத்திருக்கிறது, சில இடங்களில் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று கண்டு, எந்தெந்த இடம் என்று பட்டியல் போட்டுச் சபைக்கு எழுதினார். அந்த நூலின் ஒரு பகுதி 1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில் ஒரு கல்லறையில் கிடைத்தது, அந்தக் கதையில் இயேசுவின் கல்லறையிலிருந்து சிலுவை நடந்து வந்து பேசுகிறது. ஆயர் அதை எரிக்கச் சொல்லவில்லை, படித்து, தவறு எங்கே என்று காட்டினார். ஒரு சின்ன ஊர்ச் சபைக்கு வேண்டியது அந்த மாதிரி மேய்ப்பன்தான்.

தோமா நற்செய்தி 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் ஒரு ஜாடியில் கிடைத்த நூல்களில் ஒன்று. 114 வாக்குகள், சில நம் சுவிசேஷத்தில் இருப்பவையே. சிலுவை கிடையாது, உயிர்த்தெழுதல் கிடையாது. கடைசி வாக்கில் மரியாள் பரலோக ராஜ்யத்துக்குள் போக ஆணாக்கப்பட வேண்டும் என்று வருகிறது. பெண்களுக்கு இடம் கொடுத்த நூல், அதனால்தான் ஒளித்துவைத்தார்கள் என்று பேசுபவர்கள் அந்தக் கடைசி வரி வரைக்கும் படித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. குழந்தைப் பருவ நற்செய்தியில் சிறுவன் இயேசு களிமண் குருவி செய்து பறக்கவிடுகிறார், மோதிய பையனைச் சபித்துச் சாகடிக்கவும் செய்கிறார். நாலு சுவிசேஷத்தில் நாம் அறிந்த இயேசுவை இந்தச் சிறுவனில் காண முடியவில்லை. யூதாஸ் நற்செய்தி 2006-இல் பெரிய பரபரப்போடு வெளிவந்தது, அப்படி ஒரு நூல் உண்டு என்று ஐரேனியு 180 வாக்கிலேயே எழுதி மறுத்திருக்கிறார். அதில் மறைத்தது ஒன்றுமில்லை.

இந்த நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியது பர்னபா. வேலையிடத்தில் மலாய் முஸ்லிம் நண்பர் மரியாதையோடு, பர்னபா நற்செய்தி என்று ஒன்று இருக்கிறதாமே என்று கேட்பார், நம் பிள்ளைகள் விழிப்பார்கள். பர்னபா பெயரில் இரண்டு நூல் உண்டு. ஒன்று பழைய நிருபம், நான்காம் நூற்றாண்டின் சினாய் பிரதி என்னும் கிரேக்க வேதக் கையெழுத்திலேயே இருக்கிறது. மற்றது இத்தாலிய, ஸ்பானியப் பிரதிகளில் மட்டும் கிடைத்திருக்கும், இடைக்காலத்தின் கடைசியிலோ அதற்கப்புறமோ எழுதப்பட்ட நற்செய்தி. அதில் இயேசு கப்பலேறி நாசரேத்துக்குப் போகிறார், நாசரேத்தோ மலைமேல் இருக்கும் ஊர். இதை வாதம் பண்ணுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டவருக்கு அமைதியாக, தெரிந்த உண்மையைச் சொல்ல முடிந்தால் போதும்.

அப்படியானால் எங்கள் கூட்டத்துக்கு

ரோமர் முடிந்ததும் மக்கபேயர் முதல் நூல், அதன் பிறகு சீராக்கில் தேர்ந்த சில அதிகாரம், பிறகு டிடாக்கே. ஏனோக்கை யூதா நிருபம் படிக்கிற வாரத்தில் பெரிய பிள்ளைகளோடு சேர்த்துப் பார்க்கலாம், முதல் 36 அதிகாரம் போதும். தோமாவும் மற்றதும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு, பாஸ்டர் ஒத்துக்கொண்டால், அவர் இருக்கும்போது. எங்கள் சபை மேடையில் இவை எதையும் வாசிக்கக் கேட்கப் போவதில்லை. மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று விலகி நிற்கிற பெரியவர்களை யாரும் குறைவாகப் பேசக் கூடாது, ரோமர் 14-ஐப் படித்துவிட்டு அதைச் செய்தால் படித்ததற்கே அர்த்தமில்லை.

புதிதாக வந்தவர்களை என்ன செய்வது என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்துக் குடும்பத்திலிருந்து போன வருஷம் சபைக்கு வந்தவரை இதில் உட்கார வைத்தால் குழம்புவார் என்று பலர் சொல்கிறார்கள். ஏனோக்கு, தோமா விஷயத்தில் அது சரி. ஆனால் அத்தனாசியு சீராக்கையும் தோபித்தையும் டிடாக்கேயையும் சொன்னதே புதிதாக வந்தவர்களுக்காகத்தான். தினசரி எப்படி நடப்பது, எப்படி உபவாசிப்பது, யாரை நம்புவது என்று அவர்கள் கேட்கிற கேள்விக்கு அங்கேதான் நேரடிப் பதில் இருக்கிறது. ஆகவே ஒரு சுவிசேஷத்தை முழுதாகப் படித்து முடித்தவர் யாரானாலும் வரட்டும் என்பது என் எண்ணம்.

வருகிறவர்கள் வீட்டில் கத்தோலிக்க உறவு யாராவது இருந்தால் அவர்கள் திருவிவிலியத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள், முடிந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். மக்கபேயர் முதல் நாலு அதிகாரத்துக்கு இரண்டு மாலை ஆகும், யோவான் 10-ஐயும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.